ஈயக்குட்டைக்குள் போன பேய்

வெள்ளித்திரையின் கரிய இரவுகள் – 9

அந்தக் குட்டை எங்கே இருக்கிறது என்று யாரும் கை நீட்டிக் காட்டியதில்லை. கோலாலம்பூரைச் சுற்றி ஈயம் தோண்டிய குழிகள் எத்தனையோ. மழைநீர் தேங்கிக் குழி குட்டையானது. குட்டையைச் சீர்செய்து ஏரி என்றார்கள். ஏரிக்கரையில் வீடுகளும் பேரங்காடிகளும் எழுந்தன. தீத்திவாங்சா ஏரிக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போகிறோமே, அதுவும் ஒருகாலத்து ஈய லம்பம்தான். சுங்கை பீசியிலும் சன்வேயிலும் இதே கதை. இப்படிப்பட்ட ஏதோ ஒரு குட்டையின் அடிச்சேற்றில், தகர டப்பாக்களுக்குள் சுருண்டபடி ஒரு பெண் கிடக்கிறாள். அவள் பெயர் சோமெல். மலாயா முழுவதையும் நடுங்க வைத்தவள்.

சென்ற வாரம் ஓர் இயக்குநரைச் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். ஷா சகோதரர்களின் படப்பிடிப்புத் தளத்தை விட்டு அவர் வெளியே வருகிறார். எதிர் முகாம் அவருக்காகக் காத்திருக்கிறது. அந்த முகாமின் முதலாளிகள் யார், அவர்கள் அவரிடம் கேட்டது என்ன என்பதிலிருந்து தொடர்வோம்.

முதலாளிகள் இருவர். ஒருவர் லோக் வான் தோ. 1915-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படிப்பைத் தொடங்கி, சுவிட்சர்லாந்து வழியாகக் கேம்பிரிட்ஜ் வரை போனவர். அவருடைய தந்தை லோக் இயூ, சீனாவிலிருந்து வெறுங்கையோடு வந்து ஈயத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். கோலாலம்பூரில் இன்றும் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அப்பாவின் பணத்தை மகன் இருட்டறையில் போட்டார். தாயாரோடு சேர்ந்து 1936-இல் கோலாலம்பூரில் பெவிலியன் தியேட்டரைத் திறந்தார். சிங்கப்பூரின் கேத்தே மாளிகை அதற்குப் பின் வந்தது.

மற்றவர் ஹோ ஆ லோக். ஊர் ஊராகப் படம் காட்டித் தொழில் பழகியவர். எந்தப் படத்துக்கு எந்த ஊர் கைதட்டும், எந்தக் காட்சியில் கூட்டம் எழுந்து நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருவரிடம் தியேட்டர், மற்றவரிடம் ரசிகனின் நாடித்துடிப்பு. 1953-இல் இருவரும் கைகோத்து கேத்தே-கெரிஸ் தொடங்கினார்கள். முதல் படம் 'பூலோ பெரிண்டு'. மலாய் மொழியின் முதல் வண்ணப்படம் அது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ். ஆனாலும் ஜாலான் அம்பாஸின் அருகில்கூட நிற்க முடியவில்லை. அங்கே பி. ரம்லீ இருந்தார். அவர் பாடினால் கூட்டம், அழுதால் கூட்டம்.

ரம்லீ இல்லாத கம்பெனி எதை வைத்துக் கூட்டம் சேர்க்கும்?

பேயை வைத்து.

அதை எடுத்துக் காட்ட வந்தவர்தான் நம் இயக்குநர், பாலகிருஷ்ண நாராயண ராவ். படத்தின் தலைப்பில் பி. என். ராவ். மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பெயர் இன்று தெரியாது என்பது எனக்கு வருத்தம். கேரளத்தில் பிறந்தவர் என்றாலும் அவர் தேர்ந்தது தமிழ்ப் படங்களில். 1939-இல் வந்த 'பிரகலாதா' அவர் இயக்கியது, எம்.ஜி.ஆர். சின்ன வேடங்களில் தலைகாட்டிக்கொண்டிருந்த காலம், அதில் அவர் இந்திரன். 1941-இல் 'மதனகாமராஜன்'. 1944-இல் 'தாசி அபரஞ்சி'. அடுத்த ஆண்டு ரஞ்சனும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்த 'சாலிவாகனன்'. மாயம், மந்திரம், உருமாற்றம், நடுநடுவே பாட்டு. மலாயாவுக்குக் கப்பலேறும் முன்பே அவர் கைவசம் இருந்த சரக்கு இதுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஷா கம்பெனிக்கு வந்து 1953-இல் ரம்லீயை வைத்து 'ஹுஜான் பானாஸ்' எடுத்தார். பிறகு கேத்தே-கெரிஸ்.

மலாய் சினிமாவின் அந்த முதல் தலைமுறை இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ராஜ்ஹன்ஸ், எஸ். ராமநாதன், பணி மஜும்தார், கே. எம். பாஸ்கர், எல். கிருஷ்ணன் எனப் பட்டியல் நீளம். காட்சி உச்சத்துக்குப் போகும்போது பாட்டு வருவதும், தாய்ப்பாசத்தில் கதை முடிச்சுப் போடுவதும் அவர்களோடு கப்பலில் வந்தவை. ஆனால் ராவ் இப்போது கையில் எடுத்த பேய் அவரோடு கப்பலில் வந்ததல்ல. அது இந்த மண்ணின் பேய்.

பொந்தியானாக். பிள்ளை பெறும்போது, அல்லது வயிற்றில் பிள்ளையோடு, செத்துப்போன பெண். வாழைத்தோப்பில் நிற்பாள். முதலில் கம்போஜாப் பூ மணக்கும், பிறகு பிண நாற்றம் அடிக்கும். தொலைவில் குழந்தை அழுதால் அவள் பக்கத்தில் இருக்கிறாள். பக்கத்தில் அழுதால் தொலைவில் இருக்கிறாள். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. பொழுது சாய்ந்தால் வாசலில் நின்று, "ஐயா, வாழைத்தோப்புப் பக்கம் போயிடாதே, மரியா மெனாடோ நிக்கிறா" என்பார். நடிகையின் பெயரையே பேயின் பெயராக்கி வைத்திருந்தார் பாட்டி. இதைவிட ஒரு நடிகைக்கு வேறென்ன பட்டம் வேண்டும்?

தமிழர்கள் இந்தப் பேயை முதன்முதலாகச் சந்தித்தது திரையில் அல்ல. மலாக்காவில் தமிழ் வம்சாவளியில் பிறந்து, இளம்வயதில் தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அச்சான தம் வாழ்க்கை வரலாற்றில் பொந்தியானாக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறித்தவப் பாதிரியாருக்கு மலாய்க்காரரின் பேய் நம்பிக்கைகளை விளக்கிச் சொல்லும் இடம் அது. தமக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றாலும் ஒன்றுவிடாமல் சொல்கிறார்.

அதைவிட என்னை உலுக்கும் ஒற்றுமை வேறு. பொந்தியானாக்கின் தலையில் இரும்பு ஆணி அறைந்தால் அவள் அழகான, அடங்கிய பெண்ணாகிவிடுவாள். ஆணியைப் பிடுங்கினால் பேய் திரும்பிவிடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. கேரளத்தில் கள்ளியங்காட்டு நீலியின் கதையும் அதுதான். கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் நீலியின் தலையில் ஆணி அறைகிறார். வீட்டு வேலை செய்யும் பெண்ணாகிறாள். தலை வாரிவிடும்போது ஆணி கையில் தட்டுப்பட, பிடுங்கியதும் பழைய நீலி எழுந்துகொள்கிறாள். நம் பழையனூர் நீலியோ வஞ்சித்துக் கொன்ற கணவனை மறுபிறவியிலும் தேடி வந்து பழி தீர்த்தவள்; அவளுக்காக வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள் தீயில் இறங்கினார்கள் என்று ஊர்க்கதை சொல்கிறது. ராவ் இந்தக் கதைகளை மனத்தில் வைத்துத்தான் படமெடுத்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்தும் கிள்ளான் தோட்ட லயன்களிலிருந்தும் படம் பார்க்கப் போன நம் ஆட்களுக்கு அது அந்நியமான பேயாகத் தெரிந்திருக்காது. நீலியை அறிந்தவர்கள் சோமெலையும் அறிந்துகொள்வார்கள்.

கதையைக் கேளுங்கள். கூனல் விழுந்த, முகம் கோணிய ஓர் அனாதைப் பெண். மலாயில் சோமெல் என்றால் அழகி. ஊர் அவளுக்கு வைத்த பெயரே ஒரு கேலி. மந்திரம் அறிந்த கிழவர் ஒருவர் அவளை வளர்க்கிறார். அவர் இறந்தபின் அவருடைய மந்திரக் குறிப்புகள் அவள் கையில் சிக்குகின்றன. நிலவொளியில் மருந்து காய்ச்சிக் குடிக்கிறாள். கூன் நிமிர்கிறது, முகம் மலர்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: மனித ரத்தம் அவள் நாவில் படவே கூடாது. கல்யாணமாகிறது. பெண் குழந்தை பிறக்கிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி எடு என்று அவன் துடிக்கிறான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உறிஞ்சாவிட்டால் கணவன் சாவான். உறிஞ்சினால் அவள் சபதம் போகும். அவள் குனிந்து காயத்தில் வாய் வைக்கிறாள். கணவன்மேல் வைத்த அன்பே அவளைப் பேயாக்குகிறது. பேய்ப்படம் என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட முடியாத ஒரு துயரம் இந்த முடிச்சில் இருக்கிறது. பயமுறுத்துவதற்காகப் பேயைக் கூப்பிட்ட எத்தனையோ படங்களை நான் பார்த்திருக்கிறேன். பேயைப் பார்த்து அழவேண்டியிருக்கும் படம் மிகக் குறைவு.

சோமெலாக நடித்தவர் மரியா மெனாடோ. இந்தோனேசியாவின் மெனாடோவில் பிறந்ததால் ஊரே பெயரானது. 1951-இல் எல். கிருஷ்ணன் இயக்கிய 'பெங்கிடுபான்' படத்தில் அறிமுகம். மலாயாவின் பேரழகி என்று பத்திரிகைகள் கொண்டாடிய முகம். அந்த முகத்தைத்தான் படத்தின் முதல் பகுதி முழுக்க மறைத்து வைத்தார் ராவ். யோசித்துப் பாருங்கள். அழகுக்காகச் சம்பளம் வாங்கும் நடிகை, முதுகில் கூனும் முகத்தில் பூச்சுமாக, ஊர் காறித் துப்பும் பெண்ணாகத் திரைக்கு வருகிறார். பிறகு அழகி. பிறகு தாய். பிறகு கோரைப்பல் முளைத்த பேய். ஒரே வேடத்துக்குள் நான்கு உடல்கள். அன்றைய கதாநாயகிகள் பலர் இதைக் கேட்டாலே பின்வாங்கியிருப்பார்கள்.

இருட்டும் ரத்தமுமான இந்தப் படத்துக்குள் பாட்டும் இருந்தது. கேத்தே-கெரிஸின் இசைக்குப் பொறுப்பாயிருந்தவர் சுபிர் சயித்; பின்னாளில் சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணை இயற்றியவர் இவரே. ஆனால் 'பொந்தியானாக்' படத்தில் மக்கள் வாயில் ஒட்டிக்கொண்ட பாட்டு, தெருவில் சாத்தே விற்பவன் பாடிய பாட்டு. சாத்தேக்காரனாக வந்த வாஹித்துக்கு அந்த ஒரு பாட்டே வாழ்நாள் பெயரைத் தந்தது. அதன்பிறகு அவர் வாஹித் சாத்தேதான். பயந்து உறைந்திருக்கும் கூட்டத்தைச் சிரிக்க விட்டு, மூச்சு வாங்க வைத்து, அடுத்த பயத்துக்குத் தயார் செய்யும் வித்தை இது. தமிழ் நாடக மேடையில் கட்டியங்காரன் செய்கிற வேலை.

பழிவாங்கலைப் பாடிக்கொண்டே சொல்லும் கரிய படம் என்றதும் இன்றைய இளைஞர்களுக்கு 2007-இல் டிம் பர்ட்டன் இயக்கிய 'ஸ்வீனி டாட்' நினைவுக்கு வரலாம். ஜானி டெப் கையில் சவரக்கத்தி மின்ன, ஹெலனா போன்ஹம் கார்ட்டர் துணைக்கு நிற்க, லண்டன் நாவிதன் ஒருவன் தன் குடும்பத்தைச் சிதைத்தவர்களைத் தேடும் கதை. அருமையான படம். அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டு முன்பு நம் கடற்கரையில் ஒருத்தி அதே இருட்டுக்குள் நின்றாள் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

1957 ஏப்ரல் 27. சிங்கப்பூர் கேத்தே தியேட்டரில் 'பொந்தியானாக்' வெளியானது. மெர்டேக்காவுக்கு இன்னும் நான்கு மாதம். ஏறக்குறைய இரண்டு மாதம் படம் ஓடியது. மலாய்ப் படம் பார்க்காத சீனர்களும் வந்தார்கள். கேன்டனீஸ் மொழியில் குரல் மாற்றி ஹாங்காங் வரை படம் போனது. கம்பெனி சும்மா இருக்குமா? அதே ஆண்டு இரண்டாம் படம், 'டெண்டாம் பொந்தியானாக்'. டெண்டாம் என்றால் தீராப் பகை, பழி. ஆணி அறைந்து அடக்கப்பட்டவள் எழுந்துவிட்டாள். 1958-இல் மூன்றாவது, 'சும்பா பொந்தியானாக்', பேயின் சாபம். மூன்றுக்கும் ராவ் இயக்கம், மூன்றிலும் மரியா மெனாடோ.

ஜாலான் அம்பாஸ் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே பி. ரம்லீ பேனாவை எடுத்தார்.

1958-இல் எண்ணெய் மனிதன் திரைக்கு வந்தான். மலாய்க் கம்பங்களில் வாழும் இன்னொரு அச்சம் அது. உடலெங்கும் கரிய எண்ணெய் பூசி, பிடித்தால் வழுக்கி, இரவில் பெண்களைத் தேடி வருபவன் ஓராங் மின்யாக். கேத்தே-கெரிஸுக்காக எல். கிருஷ்ணன் அவனை வைத்து 'ஓராங் மின்யாக்', 'செராங்கான் ஓராங் மின்யாக்' என இரண்டு படம் எடுத்தார். ஷா கம்பெனிக்காக ரம்லீ எடுத்தது 'சும்பா ஓராங் மின்யாக்'. ஒரே ஆண்டு, ஒரே பேய், மூன்று படம்.

இந்தப் போட்டியில் இருந்த நெருடலைச் சொல்லவேண்டும். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த கிருஷ்ணன்தான் 1950-இல் 'பக்தி' படத்தில் ரம்லீயைக் கதாநாயகனாக்கியவர். ஒல்லியான, முகத்தில் பருத் தழும்பு இருந்த பையனை நாயகனாக்குவதா என்று எதிர்ப்பு வந்தபோதும் அசையாமல் நின்றார். ரம்லீயின் பாட்டுக்கு ரம்லீயே வாயசைத்து நடித்ததும் அதில்தான். எட்டு ஆண்டு கழித்து குருவும் சீடனும் எதிரெதிர்க் கம்பெனிகளுக்காக ஒரே பேயின் மேல் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள்.

ரம்லீயின் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் தீர்ப்பு மாறவே இல்லை: அவர் நடித்தவற்றில் மிக இருண்டது இதுதான், மிகத் துணிந்ததும் இதுதான். கூன் முதுகோடு பதிக் கலைஞனாக வருகிறார். ஊர் அவனைச் சிரித்தே கொல்கிறது. சலே காமிலின் முரடன் பூயோங் அவனை மிதிக்கிறான். காட்டுக்குள் வாழும் பூனியான் இனத்தார் அவன் வேதனையைக் கேட்டு அழகைத் தருகிறார்கள். கர்வம் கூடாது என்பது நிபந்தனை. அழகு வந்ததும் அவன் பழைய அவமானங்களை எண்ணத் தொடங்குகிறான். எண்ணி முடிக்கும்போது அவனிடம் உருவமே இல்லை. சாத்தானிடம் கையேந்தி எண்ணெய் மனிதனாகிறான். கூனனாக வரும் ரம்லீ தரையைப் பார்த்துப் பேசுவார். அழகனாக வரும் ரம்லீ எதிராளியின் தலைக்கு மேலே பார்ப்பார். ஒருவன் கண்ணை மட்டும் வைத்தே அவன் பாதாளத்தில் இறங்குவதைக் காட்டிவிட்டார். பாட்டும் அவருடையது, இயக்கமும் அவருடையது.

சோமெலையும் இந்தக் கூனனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரையும் ஊர் கேலி செய்தது, இருவருக்கும் வரம் கிடைத்தது, இருவருக்கும் ஒரு நிபந்தனை. கூனன் அகந்தையால் அதை உடைத்தான். சோமெல் கணவனுக்காக உடைத்தாள். ஒப்பிட்டு எழுத என் கை துடிக்கிறது. ஆனால் ரம்லீயின் படத்தை இன்றிரவே நீங்கள் பார்த்துவிடலாம். சோமெலின் முதல் இரண்டு படங்களை இனி யாரும் பார்க்க முடியாது.

ஏன்?

கூட்டாளிகள் பிரிந்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஹோ ஆ லோக் கேத்தே-கெரிஸை விட்டு விலகி, கோலாலம்பூர் எல்லையில் உலு கிள்ளான் பக்கம் வந்து மெர்டேக்கா ஸ்டூடியோவை எழுப்பினார். எல். கிருஷ்ணனும் உடன் வந்தார். சுதந்திர நாட்டுக்குச் சொந்தமாக ஒரு படத்தளம் வேண்டும் என்ற கனவு அது. பிரியும்போது சொத்தைப் பங்கு போடுவார்களே, அப்படிப் படங்களையும் பங்கு போட்டார்கள். 'பொந்தியானாக்'கும் 'டெண்டாம் பொந்தியானாக்'கும் ஹோ ஆ லோக்கின் பங்குக்கு வந்தன. மூன்றாவதான 'சும்பா' கேத்தேயிடம் தங்கியது. இந்தப் பங்கீடுதான் மூன்று படங்களின் தலையெழுத்தையும் தீர்மானித்தது.

பிறகு நடந்ததை மலாய் சினிமாவின் பழைய ஆட்கள் ஒரே மாதிரிதான் சொல்லி வந்திருக்கிறார்கள். ஹோ ஆ லோக் ஒருநாள் அந்தப் படச்சுருள்களை எடுத்துப்போய், கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றில் வீசிவிட்டார். கோபத்தில் வீசினார் என்பார் உண்டு. வைக்க இடமில்லாமல் வீசினார் என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவது காரணம்தான் அதிகம் வலிக்கிறது. கோபத்தில் எறிந்தவன் அந்தப் பொருளின் மதிப்பை ஒரு கணமாவது உணர்ந்திருப்பான். இடத்தை அடைக்கிறது என்று எறிந்தவனுக்கு அது குப்பை. ஓடி முடிந்த படத்துக்கு அன்று யாரும் மதிப்புத் தரவில்லை. சென்னையிலும் அதுதான் நிலை. தமிழின் முதல் மௌனப்படமான 'கீசக வத'த்தின் ஓரடிச் சுருள்கூட இன்று இல்லை.

படச்சுருள் தண்ணீரைத் தாங்காது. பிம்பத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் பூச்சு. நீரில் ஊறினால் உப்பி, கழன்று, கரைந்துவிடும். பிறகு மிஞ்சுவது கண்ணாடி போன்ற வெறும் பட்டை. மரியா மெனாடோவின் கூனும், அழகும், பாம்புக்கடியில் குனிந்த முகமும் அப்படித்தான் சேற்றோடு சேற்றாய்ப் போயிருக்கும். ஈயத்தில் வந்த பணத்தால் பிறந்த படம், ஈயம் தோண்டிய குழியிலேயே மூழ்கியது.

குட்டையைச் சுற்றி நின்றவர்களும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1963-இல் மரியா மெனாடோ பகாங் சுல்தானை மணந்து நடிப்பிலிருந்து விலகினார். 1964 ஜூன் 20. ஆசியத் திரைப்பட விழாவுக்காகத் தைவான் போன லோக் வான் தோ, அவர் மனைவி, கம்பெனியின் முக்கிய ஆட்கள் எல்லோரும் ஏறிய விமானம் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 49. அதே ஆண்டு பி. ரம்லீ சிங்கப்பூரை விட்டு உலு கிள்ளானுக்கு வந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது, பழைய தளத்தில் கிடைத்த வசதிகள் இங்கே இல்லை, படங்கள் ஓடவில்லை. 1973 மே 29-இல் இறந்தார். ஜாலான் அம்பாங் மையத்துக்கொல்லையில் கிடக்கிறார். மெர்டேக்கா ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று ஃபினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் நடக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கேத்தேயிடம் தங்கிய 'சும்பா பொந்தியானாக்' பிழைத்தது. சிங்கப்பூரின் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைத் தூசு தட்டி, கீறல் நீக்கிப் புதுப்பித்தது. கேத்தே-கெரிஸின் மலாய்ப் படத்தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. புதுப்பித்த படத்தில் மரியா மெனாடோவைப் பார்த்தேன். பேயாகிவிட்ட தாய், தன் மகளைக் காப்பாற்ற இருட்டுக்குள் நிற்கிறாள். பயமுறுத்தும் ஒப்பனைக்குள்ளிருந்து அந்தக் கண்கள் மகளைத் தேடுகின்றன. மூன்றாவது படத்திலேயே இவ்வளவு என்றால், முதல் படத்தில் அந்தப் பாம்புக்கடிக் காட்சியில் என்ன செய்திருப்பார்? தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

வழியே இல்லையா?

அங்கேதான் உங்களிடம் வருகிறேன். கேன்டனீஸ் குரலோடு வெளிநாடு போன பிரதிகள் எங்கோ கிடக்கலாம். அது நம் கைக்கு எட்டாத தேடல். எட்டக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதைச் சுருக்கம், பாடல்கள், இரண்டு மூன்று படங்கள் எல்லாம் அதில் இருக்கும். கொலிசியத்திலும், பிரிக்ஃபீல்ட்ஸ் லிடோவிலும், கிள்ளான் தியேட்டர்களிலும் வேலை பார்த்த நம் பெரியவர்கள் எத்தனையோ பேர். டிக்கெட் கிழித்தவர்கள், ஆப்பரேட்டர்கள், சுவரொட்டி ஒட்டியவர்கள். அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால், பழைய பஞ்சாங்கத்தோடு ஏதாவது ஒரு நோட்டீஸ், ஒரு புகைப்படம், துண்டுச் சுருள் இருக்கக்கூடும். பெரியவர் போனதும் பழைய பேப்பர்காரனுக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தாத்தா பாட்டி இருந்தால் இன்றிரவே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: 'பொந்தியானாக்' பார்த்தீர்களா, எந்தத் தியேட்டரில், எந்தக் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டீர்கள்? எழுதி இந்தத் தொடருக்கு அனுப்புங்கள். தண்ணீருக்குள் போன படத்தில் இன்னும் கரையாமல் இருப்பது பார்த்தவர்களின் நினைவு மட்டும்தான். அவர்களுக்கும் எண்பது தாண்டிவிட்டது.

ஆணி அறைந்தால் பேய் அடங்கும் என்றேன். பிடுங்கினால்?

2004. கோலாலம்பூர். பொந்தியானாக் மலேசியத் திரையிலிருந்து காணாமல் போய்ப் பல்லாண்டு ஆகிவிட்டது. ஷுஹைமி பாபா என்ற பெண் இயக்குநர் கையில் ஒரு திரைக்கதை. அதில் ஒரு கமலான் நடனக்காரி; அவள்மேல் பித்துப்பிடித்த மர்சானி என்ற ஒருவன்; ஒரு கொலை; தலைமுறை தாண்டி வரும் பழி. பேயாகவும் மகளாகவும் இரட்டை வேடத்துக்கு மாயா கரின். அந்த நடிப்பு ஆசிய பசிபிக் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதைக் கொண்டுவரப் போகிறது. ஆனால் அது பிறகு. இப்போது கமலான் ஒலிக்கத் தொடங்குகிறது, நடனக்காரி மேடைக்கு வருகிறாள், கூட்டத்தின் ஓரத்தில் மர்சானி அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அடுத்த வாரம், அந்த மேடையிலிருந்து.